மூச்சு வாங்காமல் ஏழாம் வாய்ப்பாடு

எங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தோளில் சுமந்து இந்த மேடையின் நடுவே வீற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! அறிவிலும் அனுபவத்திலும் மூத்த பெரியோர்களே! அரைநாள் விடுப்புக்காக மேலதிகாரியிடம் அசடு வழிந்துவிட்டு வந்திருக்கும் தந்தைமார்களே! இடுப்பில் ஒன்று, விரலில் ஒன்று என வந்தமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! வணக்கம்.

ஓட முடியாது என்று எடை கூடிய பிள்ளைக்கும், படிப்பு கெடும் என்று மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கும் விளையாட்டு வகுப்பை நிறுத்திவிட்டு, அந்நேரத்தில் கணக்கு நடத்தலாமா? இதுதான் இன்று நம்முன் உள்ள கேள்வி. என் மகள் இரண்டு வகையிலும் வருகிறாள். வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் ‘பூசணி’. ஆகவேதான் இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன்.

எடைக்கருவி உடலின் பாரத்தைச் சொல்லும். உள்ளத்தின் கூர்மையைச் சொல்லுமா? அளவுநாடா இடுப்பின் சுற்றளவைச் சொல்லலாம். இதயத்தின் வலுவைச் சொல்லுமா?

நம் விளையாட்டு ஆசிரியையின் வழியே தனி. மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டே வாய்ப்பாடு சொல்ல வேண்டும். மூச்சு முட்டினால் நடக்கலாம், நிற்கக் கூடாது. முதல் நாள் என் மகள் ஏழாம் வாய்ப்பாட்டின் பாதியிலேயே திணறினாள்.

“முடியல மிஸ், நான் குண்டு மிஸ்.”

“உன் வெயிட்ட இப்ப யாரு கேட்டா? ஏழு நாலு எவ்ளோ, அத சொல்லிட்டு நட!”

ஊதினால் பறக்கும் என் அக்கா மகனோ, அவளுக்கு முன்பே புல்லில் சாய்ந்துவிட்டான்!

“டேய் குச்சி, உனக்கு என்னடா கேடு?”

“காத்தே வரல மிஸ்!”

சிரிக்கிறீர்கள். பின்வரிசை அண்ணன்மார்களே, மாடிப்படி ஏறி வந்து நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் நான் பார்த்தேன்!

மாதங்கள் ஓடின, மகளும் ஓடினாள். எடை? பெரிதாகக் குறையவில்லை. அதே சீருடை, அதே இறுக்கம். ஆனால் மூச்சு நீண்டது, முகம் தெளிந்தது, கணக்கைக் கண்டதும் கலங்கிய கண், இப்போது நின்று நிதானித்துப் பார்க்கிறது. எல்லாம் ஓட்டத்தால்தான் என்று சத்தியம் செய்ய நான் மருத்துவர் இல்லை. கண்டதைச் சொல்கிறேன். கணக்கு ஆசிரியரே என்னிடம், “வெளையாடிட்டு வர்ற பசங்கள அப்படியே எங்கிட்ட அனுப்பச் சொல்லுங்கம்மா, அப்பதான் சொல்றது உள்ள போகுது” என்றார். அதோ, தலையாட்டுகிறார் பாருங்கள்!

உருவம் பாராமல் உழைப்பைப் பார்த்த அந்த ஆசிரியையை என்ன சொல்லிப் போற்றுவேன்? குச்சியையும் பூசணியையும் ஒரே கோட்டில் நிறுத்தி, ஒரே குரலில் உற்சாகம் ஊட்டிய உள்ளம் அல்லவா அது!

இன்று காலை பின்னல் போடும்போது மகள் கேட்டாள்: “இனிமே எனக்கு கேம்ஸ் கிடையாதாம்மா? தெருவுல ஓடுனா சிரிக்கிறாங்க. அங்க மட்டும்தான் யாரும் சிரிக்கல.”

பெரியோர்களே, அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் உங்களிடம் இருக்கிறது. சற்று நேரத்தில் பெற்றோர் சங்கத் தலைவர் வாக்குக்காகக் கை உயர்த்தச் சொல்வார். உயரப்போவது என் பிள்ளையை உட்கார வைக்கும் கையா? ஓட விடும் கையா?

பொறுமையோடு செவிமடுத்த உங்களுக்கும், இந்த நேரத்திலும் நம் பிள்ளைகளோடு வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஆசிரியைக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!