பாசிப்பச்சை ஸ்வெட்டர்

தலைமை நாற்காலியைத் தன் தையல் பையோடு பகிர்ந்துகொண்டிருக்கும் நம் கைவேலைச் சங்கத் தலைவி அவர்களே! காதைப் பேச்சுக்கும் கையைப் பின்னலுக்கும் தந்திருக்கும் முன்வரிசைப் பெரியவர்களே! ஒரு பை கொடுக்க வந்து இரண்டு பை தூக்கிப்போகும் தாய்மார்களே! துணைக்கு வந்து தூங்கத் தொடங்கிவிட்ட கணவன்மார்களே! வணங்குகிறேன்.

சிறிய வீட்டில் கைவேலைப் பொருள்களைச் சீராக வைப்பது எப்படி? இதுதான் நீங்கள் எனக்குத் தந்த தலைப்பு. திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான்!

என் வீட்டில் அறைகள் இரண்டு. ஒன்றில் நானும் கணவரும். மற்றொன்றில் நூல், நூல், மேலும் நூல்! மணியா? உண்டு. ரிப்பனா? உண்டு. கத்தரிக்கோலா? ஒன்பது உண்டு, தேடும்போது ஒன்றும் இல்லை. யாரங்கே சிரிப்பது? அம்மா, உங்கள் வீட்டுக்கும் நான் வந்திருக்கிறேன்!

போன ஆண்டு என் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து இடக்கை விழுந்துவிட்டது. பத்து நாளில் அழைத்துப்போகச் சொன்னது மருத்துவமனை. என்னை விட்டால் அவளுக்கு ஆள் இல்லை. அந்த அறையை விட்டால் கட்டில் போட இடம் இல்லை.

நான் என்ன செய்தேன்? அறையை ஒழித்தேனா? இல்லை. கடைக்குப் போய், அடுக்கி வைக்க நாற்பது டப்பா வாங்கி வந்தேன்!

"ஏம்மா, கட்டில டப்பா மேலயா போடப்போறோம்?" என்றார் கணவர்.

பிறகுதான் முனைந்தேன். சிவப்போடு சிவப்பு, நீலத்தோடு நீலம் என்று நிறம் நிறமாகப் பிரித்தேன். பாதியில் நின்ற பின்னல்களைப் பார்க்கத் துணிவில்லாமல், 'பிறகு' என்று சீட்டு ஒட்டிய டப்பாவில் திணித்துப் பரணில் ஏற்றினேன். மிஞ்சிய நூலை மூட்டை கட்டி, வேண்டாததை வைத்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும் நம் சங்கத்து மேசையில், இதோ இந்த மேசையில், கொண்டுவந்து கொட்டினேன். நீங்கள் கைதட்டினீர்கள். கட்டில் நுழைந்தது. அக்கா வந்தாள்.

போன வாரம் குளிர் தொடங்கியது. போர்வை தேடிப் பரணில் ஏறிய என் தலையில் 'பிறகு' டப்பா விழுந்தது. உள்ளே பாசிப்பச்சை ஸ்வெட்டர். பதினொரு ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்காகத் தொடங்கியது. முன்பக்கம் உண்டு, முதுகு உண்டு, ஒரு கை உண்டு. மறுகை? தொடங்கவே இல்லை. பச்சை டப்பாவைத் திறந்தேன். ஊரிலுள்ள பச்சையெல்லாம் இருந்தது; அந்தப் பச்சை இல்லை. மிஞ்சியது என்று நானே தானம் செய்திருக்கிறேன்!

இருந்ததை இணைத்துத் தைத்துக்கொண்டு போனேன். "ஒரு கைதான்க்கா இருக்கு" என்றேன். வெட்கமாக இருந்தது.

அக்கா வாங்கிப் பார்த்தாள். "விழுந்த கைதான்டி சில்லுனு கெடக்கு. இதுக்கு மாட்டிவிடு, போதும்."

போதும் என்றாள். போதுமா, அவையோரே? நாற்பது டப்பா இருந்தும் என் அக்காவின் ஒரு கைக்கு நூல் இல்லை! வாங்கினேன், அடுக்கினேன், சீட்டு ஒட்டினேன். யாருக்காகத் தொடங்கினேன் என்பதை மறந்தேன். தாய்மார்களே, நிறம் பார்த்துப் பிரிக்காதீர்கள், ஆளைப் பார்த்துப் பிரியுங்கள்! ஆளில்லாத நூலை அள்ளிக் கொடுங்கள்! ஆளிருக்கும் நூலை இன்றே ஊசியில் ஏற்றுங்கள்!

தலைவி மணியடிக்கிறார். முடித்துவிட்டேன் அம்மா, ஒரே ஒரு விண்ணப்பம்.

போன ஆண்டு இந்த மேசையிலிருந்து பாசிப்பச்சைக் கம்பளி நூல் நான்கு உருண்டை எடுத்துப்போனவரே, நீங்கள் இந்த அரங்கில்தான் இருப்பீர்கள். பின்னி முடித்திருந்தால் மகிழ்ச்சி. உங்கள் வீட்டுப் பரணிலும் அது 'பிறகு' என்று கிடந்தால், ஒரு கைக்கு மட்டும் தாருங்கள். கூட்டம் கலையும்வரை வாசலில் நிற்பேன். ஊசி கொண்டுவந்திருக்கிறேன்.

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.