கேமரா முன்னால் அழுவது

டாலிகஞ்ச் போகும் ஷேர் ஆட்டோவில் என்னருகே ஒரு தமிழ்த் தம்பதி. இட்லிக் கடை வைத்திருப்பவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"கேமரா முன்னாடி நான் அழ மாட்டேன்," என்றார் மனைவி.

"கடையை மூடப் போறோம்னு சொல்லிக் கண்ணைத் தொடைச்சாப் போதுமாம். வீடியோ வைரலாகும், கூட்டம் வரும்னு அந்த யூடியூப்காரர் சொல்றார்."

"நாமதான் மூடப் போறதில்லையே."

"மோமோக் கடைக்கார தீதியும் அப்படித்தானே அழுதாங்க. கூட்டம் வந்துதே."

"ரெண்டு வாரம் வந்துது. இப்போ போறவங்க வர்றவங்கல்லாம், இன்னும் மூடலையான்னு கேக்கறாங்க."

கணவர் போனை எடுத்தார். "அவர்கிட்ட என்ன சொல்ல?"

"காலைல வரச் சொல்லுங்க. நாலு இட்லியும் நம்ம காரச் சட்னியும் வைக்கிறேன். அழற வேலையை அவரே பாத்துக்கட்டும்."