கஷ்டம் பழகப் போனவர்கள்

லூனாஸ் காலைச் சந்தையில் அப்பத்துக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால், கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்த ஓர் அம்மாள், ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எங்க பிள்ளைங்களுக்குக் கஷ்டம்னா என்னன்னே தெரியல. அதான் ஸ்கூல் லீவுல காசு கட்டி, பாடாங் மேஹாவுல ரப்பர் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கக் கூட்டிட்டுப் போனோம். விடியறதுக்குள்ள எழுப்பிட்டாங்க. ரூம்ல ஏர்கோன்கூட இல்லலா.”

“ரோட்டோரத் தோட்டமாக்கா?”

“ஆமா, உனக்குத் தெரியுமா?”

“நான் தினம் வெட்டுற மரந்தான். பிள்ளைங்க கத்திய ஆழமா விட்டுட்டாங்க. பட்டையெல்லாம் காயம், இன்னும் ஆறல.”

“அப்படியா? அதுங்களுக்கு ஒரே சந்தோஷம். நீ கொடுத்து வச்சவ, தினமும் வெட்டலாம்.”

அந்தப் பெண் அப்பப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

“அடுத்த லீவுக்கும் வாங்கக்கா. நீங்க மரம் வெட்டுங்க. நான் உங்க வீட்டு ஏர்கோன்ல படுத்து, வசதின்னா என்னன்னு பழகிக்கிறேன்.”