பிள்ளையாரால் வந்த தாமதம்

நான்காம் வகுப்போடு நின்று, சொந்த உழைப்பில் இரண்டு லோரி வாங்கியவன் நான். இரண்டும் ஒர்க்ஷாப்பில் கிடந்ததால் அன்று கோல சிலாங்கூர் பஸ்ஸில் போனேன். முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, மற்றவன் ரவாங் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பார்ப்பவன்.

"பிள்ளையாராலதான் உன் கம்ப்யூட்டர் மெதுவாப் போகுது" என்றான் ரவாங்காரன்.

"சாமியை இழுக்காதடா. திங்கக்கிழமை மானேஜர் வந்து பார்ப்பாரு. சம்பளக் கணக்குல ஒரு பக்கம் தெரிய ஒரு நிமிஷம் ஆச்சுன்னா, மெஷினைத் திருப்பி அனுப்பிட்டு என்னைக் குலை வெட்ட வெளிக்காட்டு வேலைக்கு விரட்டிருவாரு."

"பக்கத்துல இருக்கிறதை ஒண்ணொண்ணா நீக்கிப் பார்த்துட்டேன் லா. ஆளுங்க பேரை எடுத்தேன், அப்பவும் மெதுவு. கட்டத்தை எடுத்தேன், அப்பவும் மெதுவு. நீ தலைப்புல போட்டிருக்கிற பிள்ளையார் படத்தை எடுத்தேன், பட்டுன்னு வந்துருச்சு. பக்கத்துக்குப் பக்கம் தும்பிக்கையைப் புள்ளி புள்ளியா வரைஞ்சுக்கிட்டு இருக்கு."

"பிள்ளையார் இல்லாம எப்படிடா பக்கத்தை ஆரம்பிக்கிறது?"

"நோட்டுல ஒரு சுழிதானே போடுவே? இதுல ஆளையே மூஞ்சூறோட உட்கார வச்சிருக்கே."



"சரி" என்றான் கிராணி. "மூஞ்சூறை மட்டும் எடுத்துரு. மீதியைப் பிள்ளையார் பார்த்துக்குவாரு."