ஏழாம் மதகின் அடிநாதம்

என் போன்றோரின் அரைகுறை அபிப்பிராயங்களை ஒன்பது ஆண்டுகளாக முகம் சுளிக்காமல் கேட்டுவரும் எங்கள் வட்டத்தின் தலைவர், வீணை பழகிய விரல்களும் விடாது எழுதும் பேனாவும் வாய்த்த பங்கஜவல்லி அம்மையார் அவர்களே! ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தம் திரையரங்கின் கதவுகளை எங்களுக்காகத் திறந்துவிட்ட உரிமையாளர் ஸ்ரீஹர்ஷா அவர்களே! விழுந்த மாலையின் கனத்தைவிடக் கூச்சத்தின் கனத்தால் குனிந்து அமர்ந்திருக்கும் டபுள் பேஸ் கலைஞர், ஐயா மல்லப்பன் அவர்களே! மேடையில் நாற்காலி போட்டும் ஏறாமல், முன்வரிசையே போதும் என்று முடிவாகச் சொல்லிவிட்ட அவருடைய துணைவியார் கெம்பம்மா அவர்களே! நான்கு முறை மேடைக்கு அழைத்தும் வராமல், கடைசி வரிசையில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருக்கும் அன்புச் சகோதரர் ரவிக்குமார் அவர்களே! நஞ்சன்கூட்டிலிருந்து ரயிலேறி வந்த தோழர்களே, கொள்ளேகாலத்திலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்த உறவுகளே, உறங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் ஒவ்வொருவரின் செவிக்கும் என் முதல் வணக்கம்.

ஆம், செவிக்குத்தான்! முகத்துக்கு வணக்கம் சொல்ல ஆயிரம் மேடைகள் உண்டு. செவிக்கு வணக்கம் சொல்ல மைசூரில் இந்த ஒரு மேடைதானே உண்டு?

நான் சேகரன். தேவராஜ மொஹல்லாவில் மருந்துக்கடை வைத்திருப்பவன். என் கடைக்கு மேலே உள்ள மாடியறையில்தான் மாதத்தின் இரண்டாம் ஞாயிறுதோறும் எங்கள் பின்னணி இசை ரசிகர் வட்டம் கூடுகிறது. பாட்டைப் பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. நாங்கள் பேசுவது பாட்டைப் பற்றியல்ல. கதவு திறக்கும்போது வரும் இசை, கடிதம் கிழியும்போது வரும் இசை, வந்தது தெரியாமல் வந்து, போனது தெரியாமல் போகும் அந்த இசையைப் பற்றி! அந்த மாதம் எந்தப் படத்தின் பின்னணி இசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். எங்கள் அனகா ஒரு மழைக்காட்சியின் புல்லாங்குழலை ஐம்பத்து நான்கு முறை கேட்டுவிட்டு, "அதுல மூச்சு வாங்கற சத்தம்கூட நல்லாருக்கு" என்றார். அது புல்லாங்குழலே இல்லை, கீபோர்டு என்று ஒருவர் சொல்ல, அன்று மூன்று பேர் காபி குடிக்காமல் கோபித்துக்கொண்டு போனார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இந்தச் சிரிப்பைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். ஒரு சிரிப்பு ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதைச் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கியின் முன்னால் நிற்கிறேன்.

சற்று முன்பு இந்தத் திரையில் நீங்கள் பார்த்தது, ‘ஏழாம் மதகு’ படத்தின் அணைக்கட்டுக் காட்சி. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் வந்த படம். அணையின் மதகு மேல் ஒரு பெண் நிற்கிறாள். அவள் தம்பியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. நீர் இறங்கட்டும் என்று காத்து நிற்கிறாள். நான்கு நிமிடம். வசனம் இல்லை. அழுகை இல்லை. அந்தக் காட்சியில் இசையே இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். இசையமைப்பாளர் கைகட்டி நின்ற இடம் என்று போற்றினோம். பங்கஜவல்லி அம்மையார் அந்த மௌனத்தைப் பற்றி முப்பத்திரண்டு பக்கக் கட்டுரை எழுதினார். நாங்கள் அதை அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தோம்.

சென்ற ஆண்டு ஆடி மாதக் கூட்டத்தில் ரவிக்குமார் எழுந்தார். ரவிக்குமார் யார்? கொள்ளேகாலம் பக்கம் ராமாபுரத்தில் பிறந்தவர். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. பேரிங் தேய்கிறதா, தண்டு ஆடுகிறதா என்று காதால் கேட்டே சொல்லிவிடுவார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடும் இயந்திரத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பது போலத்தான்! அவர் எழுந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அம்மா எழுதுனதப் படிச்சனுங்க. ரொம்ப நல்லாருக்குங்க. ஆனா அங்க மௌனம் இல்லீங்க. அடியில ஒண்ணு ஓடுதுங்க. மச்சானோட சவுண்ட் சர்வீஸ் பெட்டியில போட்டு, ஸ்க்ரூ டிரைவர வெச்சுக் கேட்டனுங்க. கம்பி சத்தமுங்க."

அறையில் இருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் போட்டோம். ஒன்றுமில்லை. கைபேசியில் போட்டோம். ஒன்றுமில்லை. அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ரவிக்குமார், நானும் நூறு தடவை கேட்டுட்டேன். அங்கே ஒண்ணும் கிடையாது" என்றார். அப்போது ஒருவன் வாயைத் திறந்தான். "ரவி, ஷிப்ட் முடிஞ்சும் உங்க காதுல மட்டும் ஃபேக்டரி ஓடுது போல!"

அறை முழுக்கச் சிரித்தது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. ரவிக்குமாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

யார் அந்த ஒருவன்? யார் அந்த வாய்க்கொழுப்புக்காரன்? இதோ, உங்கள் முன் நிற்கும் நான்தான்!

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு பெண்மணி கடைக்கு வந்தார். மருந்துச் சீட்டு எதுவும் நீட்டவில்லை.

"அண்ணா, நான் ராணிங்க. ரவிக்குமார் வீட்டுலங்க."

"வாங்கம்மா. ரவி ஏன் வர்றதே இல்ல? உடம்புக்கு ஏதாவது?"

"அதக் கேக்கத்தான் வந்தனுங்க. மூணு மாசமா பாட்டே போடறதில்லீங்க. காதுல கோளாறுன்னு சொல்லி டாக்டருகிட்டப் போனாருங்க. டாக்டரு டெஸ்ட்டெல்லாம் பண்ணி, காது நல்லாருக்குன்னு எழுதியே குடுத்துட்டாருங்க. இவரு நம்ப மாட்டீங்கறாருங்க. போன வாரம் நல்லா ஓடற மெசின நிறுத்திப் பிரிச்சுட்டாராம். உள்ள ஒண்ணுமே இல்லீங்க. இன்னொரு தடவை இப்படி ஆனா பேக்கிங்குக்கு மாத்திருவோம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாருங்க. உங்க கூட்டத்துல என்னண்ணா நடந்துச்சு?"

என்னம்மா நடந்தது? எதைச் சொல்வேன் நான்? காதை நம்பி வாழும் ஒருவனின் காதைப் பற்றி ஒரு கேலி செய்தேன் என்று சொல்வேனா? அவன் உழைப்பின் ஆதாரத்தை, அவன் உணவின் ஆதாரத்தை, ஒரே ஒரு வாக்கியத்தால் அசைத்துவிட்டு, அன்று மாலை நிம்மதியாக மசால் தோசை தின்றேன் என்று சொல்வேனா? ஆனாலும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ராணி அம்மா திட்டவில்லை. "அவரு உங்களப் பத்தி நல்லாத்தான் பேசுவாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்!

அன்றே கடையை மூடிவிட்டு அம்மையார் வீட்டுக்கு ஓடினேன். டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். அம்மையார் வீணையின் மேல் போட்டிருந்த துணியைச் சரிசெய்தார். பிறகு கேட்டார்.

"ஏன் சேகரன், அவர் காது நன்னா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டார். நம்ம காது நன்னா இருக்குன்னு யார் சொன்னா?"

அவையோரே, இந்தக் கேள்வியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு பக்கம் எழுதி, முந்நூறு பேரிடம் பாராட்டு வாங்கிய ஒருவர், தன் கட்டுரையே கவிழ்ந்து போகும் என்று தெரிந்தும் கேட்ட கேள்வி அது! சின்னப் பெட்டியில் எட்டாத ஆழம் அரங்கின் பெரிய பெட்டிகளில் எட்டலாம் என்று, அவரே ஸ்ரீஹர்ஷா அவர்களுக்குத் தொலைபேசியில் பேசினார். நம் வட்டத்தில் முப்பத்தொரு பேருக்குச் சொல்லி அனுப்பினார். ரவிக்குமாரை அழைத்துவர நானே நஞ்சன்கூடு போனேன். அவர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்கண்ணா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இதே அரங்கம். இதே திரை. விளக்குகள் அணைந்தன. மதகின் மேல் அந்தப் பெண் வந்து நின்றாள். முதல் சில நொடிகள், ஒன்றுமில்லை. நான் பயந்தேன். ஐயோ, இந்த மனிதனை இரண்டாம் முறையும் இழிவுபடுத்தப் போகிறோமே என்று பயந்தேன்.

பிறகு, என் நாற்காலியின் கைப்பிடி உயிர்பெற்றது.

காதில் கேட்கவில்லை ஐயா, முதலில் காதில் கேட்கவே இல்லை! உள்ளங்கையில் வந்தது. உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கு வந்தது. முழங்கையிலிருந்து நெஞ்செலும்புக்கு வந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்த பாட்டிலில் தண்ணீர் மெல்ல மெல்ல வளையம் போட்டது. அதற்குப் பிறகுதான் காது கண்டுகொண்டது. ஒரே ஒரு சுரம்! அகன்ற சுரம், அடங்கிய சுரம், அந்த அணையின் அடிக்கல்லே முனகுவது போன்ற சுரம்! அந்தப் பெண் முகத்தைத் திருப்பும்போது அது ஓர் இழை கீழே இறங்கியது. இறங்கியபோது முப்பத்தொரு பேரும் ஒன்றாக மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். ரவிக்குமார் திரையைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை.

விளக்கு எரிந்ததும் அம்மையார் எழுந்தார். கைத்தடியைக்கூட எடுக்காமல் அத்தனை வரிசைகளையும் கடந்து கடைசி வரிசைக்குப் போனார்.

"ரவிக்குமார், நான் எழுதினதுல ஒரு பக்கம்கூட இனிமே நிக்காது. அது போகட்டும். இதைக் கேக்காமலே நான் போயிருப்பேனே!" கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரவிக்குமார் பதறி எழுந்தார். "அப்படியெல்லாம் இல்லீங்கம்மா. நீங்க எழுதுனது சரிதானுங்க. அந்தப் பொண்ணுக்கு அது மௌனந்தானுங்களே? அடியில ஓடறது அவளுக்கே தெரியாதுங்களே?"

எந்தப் பல்கலைக்கழகம் கற்றுத்தரும் இந்த ரசனையை? வென்றவன் வாயிலிருந்து வந்த சொல்லா இது? தோற்றவரைத் தூக்கி நிறுத்திய தோழமையின் சொல் அல்லவா இது! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், அவர் வெட்கப்படட்டும்! இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதர் மறுநாளே வேலைக்குப் போய்ப் பழையபடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். இன்றுவரை பேக்கிங் பக்கம் போகவில்லை.

சரி, அந்தச் சுரத்தை வாசித்தது யார்? படத்தின் பெயர்ப்பட்டியலில் இல்லை. அம்மையார் சென்னையில் இருக்கும் ஒலிப்பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். இரண்டு வரியில் பதில் வந்தது. டபுள் பேஸ், ஆளைவிட உயரமாக நிற்கும் அந்தப் பெரிய வயலின். வாசித்தவர் மல்லப்பன். இப்போது மகள் வீட்டில், மைசூரிலேயே இருக்கிறார்!

நம்முடைய ஊர்! நாம் காய்கறி வாங்கும் அதே சந்தையில் அவரும் காய்கறி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்!

போய்ப் பார்த்தோம். விஷயத்தைச் சொன்னோம். ஐயா நம்பவில்லை. "அத வெட்டிட்டாங்க சார்" என்றார். ஒலிப்பதிவு அன்று நான்கு நிமிடமும் ஒரே கம்பியில், வில் திரும்புகிற சத்தம் கேட்காமல் இழுக்க வேண்டும். மூன்றாம் முறையில்தான் அமைந்தது. சட்டை பிழியப் பிழிய நனைந்துபோயிற்று. படம் வந்ததும் ஆசை ஆசையாகக் கெம்பம்மாவைச் சொந்த ஊரான கொள்ளேகாலத்தில் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். "இப்ப என் வாசிப்பு வரும் பாரு, இப்ப வரும் பாரு" என்றார். அந்தக் கொட்டகையின் பெட்டிகளுக்கு அவ்வளவு ஆழம் எட்டவில்லை. காட்சி முடிந்தது. "ஒண்ணுமே கேக்கலியே" என்றார் அம்மா. அவ்வளவுதான். இருபத்திரண்டு ஆண்டு சென்னையில் வாசித்தவர், என்னென்ன படத்துக்கு வாசித்தீர்கள் என்று யார் கேட்டாலும், அன்றிலிருந்து இந்தப் படத்தை மட்டும் சொல்வதில்லை.

பத்தொன்பது ஆண்டுகள், அவையோரே! தன் சுரம் தூக்கி எறியப்பட்டது என்று நம்பி ஒரு மனிதர் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். அந்தச் சுரமோ, அந்த ஆழம் எட்டிய அரங்குகளில் பார்த்தவர் ஒவ்வொருவரின் நெஞ்சையும் பிசைந்துகொண்டே இருந்திருக்கிறது! அந்தக் காட்சியில் நாம் ஏன் கலங்கினோம் என்று நமக்கே தெரியாமல் இருந்ததே, ஏன்? நல்ல அரங்கில் அமர்ந்த நாம் எல்லோரும், பெயர் தெரியாத ஒருவரின் கை நம் மார்பில் படிந்திருப்பதை அறியாமலே அழுதிருக்கிறோம்! இதைவிட ஒரு கலைஞனுக்கு என்ன வேண்டும்? இதைவிட ஒரு ரசிகனுக்கு என்ன பாக்கியம் வேண்டும்?

அதனால்தான் இந்த விழா. அதனால்தான் இன்று காலை உங்கள் எல்லோரையும் இருட்டில் உட்கார வைத்தோம். நீங்கள் திரையைப் பார்த்தீர்கள். நான் கெம்பம்மாவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

மதகு வந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் ஐயா. இப்போது வரும் பார் என்று சொல்லவில்லை. இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுரம் எழுந்தது. அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்த கையை நெஞ்சில் வைத்தார். நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். காலடித் தரையைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பினார். நம் ஊர்ப் பெண்கள் கணவனை அழைக்கும் அந்த ஒற்றை எழுத்தால் அழைத்தார்.

"ரீ... இது நீங்கதானா?"

ஐயா தலையை மட்டும் அசைத்தார்.

"இவ்வளவு பெருசாவா வாசிச்சீங்க?"

அந்தக் கேள்வியோடு விடைபெறுகிறேன், பெரியோர்களே. ஐயா மல்லப்பன் அவர்களுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம். அவரைக் கேட்டுக் கண்டெடுத்த ரவிக்குமாருக்கும், அந்த ரவிக்குமாரை எங்களுக்கு மீட்டுத் தந்த ராணி அம்மாவுக்கும் என் நன்றி. அரங்கம் தந்தவருக்கும், அமைதி தந்த உங்களுக்கும் எங்கள் வட்டத்தின் நன்றி. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உங்கள் காதுகள் உங்களுக்குத் துணையிருக்கட்டும். வணக்கம்!