பீன்ஸ் வேகும்வரை

இந்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். குறை சொல்லவில்லை. கொடுத்ததைக் குடிக்காமல் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அடுத்தவர் கைப்பக்குவத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலும் இருக்கத் தெரியாது. இதற்காகவே என் தம்பி என்னை எந்த விருந்துக்கும் கூட்டிப்போனதில்லை.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். மலை ஓடையில் செத்துப்போனவரைப் பற்றி எல்லோரும் விபத்து என்கிறார்கள். உங்கள் ஸ்டேஷன் ஆட்களும் அப்படியே சொல்லிக் கையைக் கழுவிவிட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. இரண்டு வருஷம் மெனக்கெட்டுச் செய்த காரியத்தை யாரும் செய்யாமல் தானாக நடந்தது என்றால் எப்படியிருக்கும்?

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பல் டாக்டரிடம் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களை வரிசைப்படி உள்ளே அனுப்புவதுதான் வேலை என்று நினைப்பீர்கள். இல்லை, காக்க வைப்பதுதான் வேலை. எங்கள் டாக்டர் என்றைக்கும் நேரத்துக்கு வந்தவர் இல்லை. தாடை வீங்கி வருகிறவரைச் சண்டை போடாமல் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமா? மொத்தமாக இவ்வளவு நேரமாகும் என்று சொல்லவே கூடாது, சொன்னால் எழுந்து போய்விடுவார். ‘இவருக்கு அடுத்து நீங்கதான்’ என்று சொல்ல வேண்டும். அவர் உள்ளே போனதும் மறுபடியும் அதையே, அதே சிரிப்போடு சொல்ல வேண்டும். நடுவில் கையில் ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்துவிட வேண்டும். கையில் சூடான டம்ளரை வைத்துக்கொண்டு எவனும் எழுந்து போவதில்லை.

போனவருக்கு ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் உத்தியோகம். அவர் காதில் விழாதபோது நாங்கள் அவரைக் கடிகாரம் என்போம். மலையேறும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அவருடைய மனைவி, நாங்கள் அண்ணி என்று கூப்பிடுகிறவர், ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு கணக்கு டீச்சர், பிறகு என் தம்பி. இவ்வளவுதான் கூட்டம். சனி ஞாயிறு வந்தால் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு கல்வீடு இருக்கிறது. ஆள் கிடையாது, அடிவாரத்தில் சாவி வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஒரே அறை, சுவரோரம் பலகைப் படுக்கைகள், நடுவில் நீள மேசை, மூலையில் ஓர் அடுப்பு. திரும்பி இறங்கும் வழியில் ஓடை குறுக்கே வரும். மேலே உறைந்து கிடக்கிற பனி உருகி வரும் தண்ணீர் அது. விடியற்காலையில் முழங்கால் நனைந்தால் அதிகம். வெயில் ஏறிவிட்டால் பனி இளகி, மதியத்துக்கு அது ஓடையே இல்லை, ஆறு. அடியில் பாறைகள் உருளுகிற சத்தம் தூரத்திலேயே கேட்கும். அதனால் விடிந்ததும் இறங்கிவிட வேண்டும் என்பது அந்த மலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தம்பிக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. ‘கொஞ்சம் இருங்க, துணியைச் சுத்திக்கிட்டு வந்துடறேன்’ என்றிருக்கிறான். கடிகாரம், ‘நீ மெதுவா வா, ஓடைகிட்ட நிக்கறோம்’ என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். ஓடையைக் கடந்து அக்கரையில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார்கள். பிறகு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவனுக்கு வீசுவதற்காக எடுத்த கயிற்றை அவர் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாராம். மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. என் தம்பி நொண்டி நொண்டி வந்து சேர்ந்தபோது தண்ணீர் ஏறிவிட்டிருந்தது. காத்திருக்கத் தெரியாத பிள்ளை, தனியாக இறங்கியிருக்கிறான். வெகு தூரம் கீழே கண்டெடுத்தார்கள்.

அவனை வளர்த்தவள் நான். அவனுக்குச் சோறு ஊட்டிய கை இது. கடிகாரத்தின் மேல் எனக்கு இருந்தது கோபம் இல்லை சார், வெறி. அவர் பேரைக் கேட்டாலே பல் கூசும். ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருப்பது என் தொழில்.

சில மாதங்கள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். ‘தம்பி நடந்த வழியில நானும் நடக்கணும் அண்ணா, என்னையும் சேத்துக்குங்க’ என்றேன். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். கடிகாரம் தரையைப் பார்த்தபடி தலையாட்டினார். அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் அக்கா. என்னைவிட மூத்த அண்ணிக்கும் அக்காதான்.

முதல் தடவை போனபோது அவர்கள் தின்றதைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. காய்ந்த ரொட்டி, டப்பாவில் அடைத்த மீன், பாக்கெட் சூப். உப்புச் சப்பில்லாமல் விழுங்கிவிட்டு ஓடுகிற கூட்டம். அடுத்த தடவை நான் வெங்காயமும் வெண்ணெயும் எடுத்துப் போனேன். வெங்காயத்தைச் சிறு தீயில் பழுப்பாகும்வரை வதக்கி, சூப் வைத்து, மேலே சுட்ட ரொட்டியை மிதக்க விட்டேன். கடிகாரம் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. ஆள் நாக்குக்கு அடிமை, அது அவருக்கே அன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பை கனத்துக்கொண்டே போனது. முழுக் கோழியைத் தணலில் புதைத்துச் சுட்டேன். ஆப்பிளைக் குடைந்து சர்க்கரையும் பட்டையும் அடைத்து வேகவைத்தேன். காளானை வெண்ணெயில் புரட்டினேன். காளான் என்றதும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், சார். கடையில் வாங்கிய காளான்தான், எல்லோரும் சாப்பிட்டார்கள், நானும் சாப்பிட்டேன். என் சாப்பாட்டைச் சாப்பிட்டு ஒருவருக்கு ஓர் ஏப்பம்கூடத் தப்பாக வந்ததில்லை. அந்தப் பேச்சு வேண்டாம்.

நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். அவருக்குக் காத்திருக்கச் சொல்லிக் கொடுத்தேன். முதலில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு. அப்புறம் காலையில் ஒரு டீ குடிக்கிற நேரம். ‘ரொட்டி இதோ சிவந்துடுச்சு அண்ணா.’ அதற்கடுத்த முறை இன்னும் கொஞ்சம். மருந்துக்கடைக்காரர் வாய் சும்மா இருக்காது. ‘ரயிலையே நிறுத்தி வைக்கிறவரை நம்ம அக்கா ஒரு கரண்டியால நிறுத்திப்புட்டாங்கய்யா’ என்பார். கடிகாரமும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது, என் தம்பிக்குக் கொடுக்காத நேரத்தை எனக்குக் கொடுக்கிறாயா என்று கேட்கத் தோன்றும். இன்னொரு கரண்டி போடுவேன்.

இந்த முறை பீன்ஸும் ஆட்டுக்கறியும் என்று ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்தேன். சிவப்பு பீன்ஸ், ராஜ்மா என்பார்களே, அது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் அந்தக் கொதியில் பீன்ஸ் வேகாது. குக்கர் இல்லாமல் மலைமேல் பீன்ஸ் சமைக்கிறவர் உலகத்தில் இல்லை. குக்கர் கொண்டுபோனோம். அதை முதுகில் சுமந்து ஏறியவரே கடிகாரம்தான். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை நான் கழற்றி வீட்டில் வைத்துவிட்டேன். இப்போதும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, வேண்டுமானால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

விடிவதற்கு வெகு முன்பே எழுந்து, எல்லோர் முன்னாலும் மூடியைத் திருப்பிப் பார்த்து, ‘ஐயோ, வளையத்தைக் காணோமே’ என்று தலையில் கைவைத்தேன். ‘அப்ப பீன்ஸ் வேகறதுக்குள்ள நாம வெந்துடுவோம்’ என்றார் மருந்துக்கடைக்காரர். கடிகாரம், ‘விடும்மா, ரொட்டியைத் தின்னுட்டுக் கிளம்பலாம்’ என்றார். முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. ‘ஊற வச்சதுதானே அண்ணா, நாலு கொதியில வெந்துடும்’ என்று அவர் கையில் சூடான டம்ளரைக் கொடுத்தேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. முதலில் சூப். அது முடிவதற்குள் முட்டை. முட்டை முடிவதற்குள் தணலில் சுட்ட ரொட்டி, வெண்ணெய் வழிய வழிய. கறி வேகிற வாசனை அறை முழுக்க நின்றது. அவர் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம், ‘இதோ, இந்தக் கொதியோட சரி’ என்றேன். அண்ணி மட்டும் ஜன்னலைப் பார்த்து, ‘வெயில் வந்துடுச்சேக்கா’ என்றார். நான் அண்ணியின் தட்டில் ஒரு ரொட்டியை வைத்தேன். பீன்ஸை நான் இறக்கியபோது மேலே பனி வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு ருசி அதற்கு முன்னும் என் கையில் வந்ததில்லை, இனியும் வராது. கடிகாரம் மூன்று தடவை போட்டுக்கொண்டார். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்காமல் அந்த வீட்டைப் பூட்டக் கூடாது என்பது அவரே வைத்த சட்டம், அதற்கும் நேரம் போனது.

ஓடையின் சத்தம் கண்ணில் படும் முன்பே காதில் விழுந்தது. கரையில் நின்று பார்த்ததும் மருந்துக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ‘இன்னைக்கு இறங்க முடியாதுங்க. திரும்பிப் போய்ப் படுத்துட்டு விடிஞ்சதும் வரலாம்’ என்றார்.

கடிகாரம் தோளிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். பிறகு, ‘சரிதான்யா, இருந்தே போவோம்’ என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது நான் எதிர்பார்க்காதது. காத்திருக்கப் பழக்கிவிட்டேன் அல்லவா, ஆள் நன்றாகவே பழகியிருந்தார். என் வேலையே எனக்கு எதிராகத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியுமா?

‘தாராளமா இருக்கலாம் அண்ணா. காலையில டூட்டிக்கு நீங்க வரலைன்னா ஆபீஸ்ல நம்பக்கூட மாட்டாங்க’ என்று சிரித்தேன். ‘வயசாச்சு, தண்ணியப் பாத்துப் பயந்துட்டாருன்னு நாங்க சாட்சி சொல்றோம்.’

வேடிக்கையாகத்தான் சொன்னேன். டீச்சர்கூடச் சிரித்தார். கடிகாரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையை மருந்துக்கடைக்காரர் கையில் கொடுத்தார். தான் முதலில் போய் அக்கரையில் கட்டிவிட்டால் மற்றவர்கள் பிடித்துக்கொண்டு வரலாம் என்றார். அண்ணி வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்தார். உதறிவிட்டு இறங்கினார்.

நடு ஓடையில் கால் இடறியது. கயிறு அவரைப் போகவிடவில்லை, எழவும் விடவில்லை. தண்ணீர் அவர் தலைக்கு மேல் போனது. இழுக்க இழுக்க அவர் இன்னும் கீழேதான் போனார். மருந்துக்கடைக்காரரும் டீச்சரும் அழுதுகொண்டே இழுத்தார்கள். நானும் போய்ப் பிடித்து இழுத்தேன். யார் இழுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. இதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணியைத் தாங்கிப் பிடித்து மேலே கல்வீட்டுக்குக் கூட்டிவந்தோம். மிச்சமிருந்த பீன்ஸை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன், சூடாக்கி ஊட்டினேன். ‘வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுத்தான் போனாருக்கா, உன் புண்ணியம்’ என்று என் மடியில் படுத்து அழுதார். இப்போது வாரம் தவறாமல் என் வீட்டுக்கு வருகிறார். வேறு எங்கே போனாலும் சாப்பாடு இறங்கவில்லை என்கிறார். அண்ணியை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. நல்ல மனுஷி.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. காலைச் சாப்பாடு போட்டவளை எந்தப் பிரிவில் பிடிப்பது? அது உங்கள் பாடு. என் பங்குக்கு ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அதையும் சொன்னால்தான் வாக்குமூலம் முழுசாகும்.

ரொட்டி முடிந்த சமயத்தில் மற்ற மூவரும் வெளியே போய்ப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேசையில் கடிகாரமும் நானும் மட்டும். வெயில் அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது, பனிவரைக்கும் இன்னும் ஏறவில்லை. அந்த நேரத்தில் கிளம்பியிருந்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையைக் கடந்திருக்கலாம்.

அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினார். ‘ஏம்மா, கொஞ்சம் இருங்கன்னுதானே அன்னைக்கு உன் தம்பி கேட்டான். இப்ப பீன்ஸுக்காக இவ்வளவு நேரம் உக்காந்திருக்கேன், ஒரு குடியும் முழுகிப் போகல. அவனுக்காக உக்காந்திருக்கலாம். நான்தாம்மா அவனைக் கொன்னேன். உன் கையால சாப்பிடறப்பல்லாம் சொல்லணும்னு நினைப்பேன், வாய் வராது. என்னை மன்னிச்சுடும்மா.’

கண்ணீர் டம்ளருக்குள் விழுந்தது. நான் அவர் தோளைத் தொட்டேன். பிறகு அடுப்பண்டை போய்க் குக்கர் மூடியைத் தூக்கி, ஒரு பீன்ஸை எடுத்து விரலுக்குள் வைத்து அழுத்திப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி நசுங்கியது. ராத்திரி முழுக்க ஊறியதில், வளையம் இல்லாமலே எப்போதோ வெந்துவிட்டிருந்தது.

‘இன்னும் கொஞ்சம் வேகணும் அண்ணா’ என்றேன்.

பழி தீர்க்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள், சார். அவர் கேட்ட அந்த நிமிஷமே என் கோபமெல்லாம் போய்விட்டது. மனசார மன்னித்துவிட்டேன். மன்னித்துவிட்டுத்தான் மூடியைத் திரும்பப் போட்டேன்.