இடது ஓரத்து நிழல்

எங்கள் கடையில் கண் பரிசோதனை இலவசம். போர்டிலேயே எழுதியிருக்கிறது. கண்ணாடி வாங்காவிட்டாலும் பரவாயில்லை, யார் வந்து உட்கார்ந்தாலும் பார்த்துச் சொல்வேன். அதற்காகத்தான் படித்தேன். காரைக்குடியில் என்னைப் பற்றி விசாரித்தால் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள்.

என் பெயர் தேனப்பன். பாண்டிமுருகன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், நாச்சியாபுரத்துக்காரன். திருப்பத்தூருக்கும் காரைக்குடிக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ்ஸில் டிரைவராக இருந்தான். சின்ன வயதில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. அங்கே அவனை நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. இது ஒரு பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டிருக்கிறேன்.

போன வருஷம் ஒரு விஆர் ஹெட்செட் வாங்கினேன். புது விளையாட்டுகளுக்காக இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில் ஒரு கருவி வந்து, வந்த வேகத்தில் தோற்றுப்போனது. முகத்தை அதில் பதித்துப் பார்க்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் தவிர வேறு நிறம் கிடையாது. ஆனால் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும். இரண்டும் மனசுக்குள் ஒன்றாகிச் சிவப்புக் கோடுகள் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி ஆழமாகத் தெரியும். அந்தப் பழைய விளையாட்டுகளைப் புது ஹெட்செட்டில் ஓட வைக்கும் மென்பொருளை எமுலேட்டர் என்பார்கள். அதைச் சரியாக அமைத்து, படம் கண்ணை உறுத்தாமல் வருவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

மதியம் கடையைச் சாத்தும் நேரத்தில் பின் அறையில் ஆடுவேன். பாண்டி ஒரு நாள் டிரிப் முடித்துவிட்டு வந்தான். மாட்டிக் காட்டினேன். குகைக்குள் ஓடத்தை ஓட்டுகிற விளையாட்டு அது. எதிரே வரும் பாறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் தப்பிக்க முடியும். குகையைக் கடக்க நான் மாதக்கணக்கில் பழகி எடுத்த நேரத்தை அவன் அன்று சாயங்காலத்துக்குள் முறியடித்துவிட்டான்.

"பஸ் ஓட்டுறவனுக்குத் தூரம் தெரியாதாடா?" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன்.

இந்த விளையாட்டுக்கென்று இணையத்தில் ஒரு சின்னக் குழு உண்டு. அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி வைத்தார்கள். நாங்கள் இருவரும் பெயர் கொடுத்தோம். பாண்டிக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு என்னவாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போட்டிக்கு முந்தின வாரம் அவன் ஆடிக்கொண்டிருந்தபோது பாதியில் நிறுத்தினான்.

"தேனு, இடது பக்கம் கீழ ஓரமா ஒரு நிழல் ஏறி நிக்குது. பாதிக் குகை தெரியல."

"எப்ப இருந்து?"

"நேத்து மின்னல் வெட்டுன மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு இப்படி."

கண்டரமாணிக்கம் மஞ்சுவிரட்டில் எவனோ முழங்கையால் அவன் முகத்தில் இடித்துவிட்டான் என்று அவன் மனைவி அழகி முன்பே சொல்லியிருந்தாள். அடி, மின்னல், அப்புறம் திரை விழுகிற மாதிரி நிழல். விழித்திரை பிரிகிறது. கண் படித்தவனுக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. அன்றைக்கே மதுரைக்குப் போனால் பெரும்பாலும் கண்ணைக் காப்பாற்றிவிடலாம்.

சாதாரணமாக இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். அதனால்தான் வெளியில் அவனுக்குத் தெரியவில்லை. ஹெட்செட்டில் ஒவ்வொரு கண்ணும் தனியாகப் பார்ப்பதால் தெரிந்தது. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார் என்று சொல்லியிருந்தால் போதும். அவனே புரிந்துகொண்டிருப்பான். நான் சொல்லவில்லை.

ஹெட்செட்டை வாங்கி மாட்டிப் பார்த்தேன். படம் துல்லியமாக இருந்தது.

"ஆமாடா, எனக்கும் அப்படித்தான் தெரியுது. எமுலேட்டர் கோளாறு" என்றேன்.

"அதானே பாத்தேன். நான் என்னமோ கண்ணு போச்சுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கூப்பிட்டான். போனோம். காசு அவன்தான் கொடுத்தான்.

போட்டி முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சில நாள் விஷயம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில நாள் என்றால் என்ன என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் யாருமில்லை.

வியாழனோ வெள்ளியோ, அவன் முகம் வாடி வந்தான். நாச்சியாபுரம் திருப்பத்தில் பஸ்ஸை ஓரமாக ஒடித்தபோது இடது பக்கம் மின்கம்பத்தில் உரசி, பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டதாம்.

"பள்ளிக்கூடத்துப் புள்ளைக படியில நின்னுச்சுகடா. கொஞ்சம் தள்ளியிருந்தா என்ன ஆகியிருக்கும்? இத்தன வருசத்துல இப்படி ஆனதே இல்ல."

"தூக்கம் பத்தல உனக்கு. போய்ப் படு" என்றேன்.

அவன் மறுநாளும் பஸ் எடுத்தான். அந்த பஸ் எங்கள் கடை வாசல் வழியாகத்தான் போகும். ஹாரன் சத்தம் கேட்டபோது நான் குனிந்து ஒரு பிரேமுக்கு ஆணி முடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் ஜெயித்தேன். பாண்டி பாறைகளில் மோதி மோதி நின்றான். என் கையைப் பிடித்துக் குலுக்கினான். உண்மையான சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது.

திங்கள் காலையில் நானே போன் செய்து அவனை வரச்சொல்லி, பரிசோதித்து, பதறி, என் காரிலேயே மதுரைக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பதற்றம் நடிப்பில்லை. ஆபரேஷன் செய்தார்கள். இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை.

"ஒரு வாரம் முன்னாடி வந்திருக்கணும்" என்றார் டாக்டர். "நிழல் ஏதும் தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுச்சு சார். மெஷின்ல கோளாறுன்னு நெனச்சுட்டோம்."

நெனச்சுட்டோம் என்றான். என்னையும் சேர்த்துக்கொண்டான். டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்க கண் செக் பண்ற ஆப்டோமெட்ரிஸ்ட்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கனரக வண்டி லைசென்ஸ் போய்விட்டது. பாவம் பார்த்து பஸ் முதலாளி அவனை ஸ்டாண்டில் ஆள் ஏற்றும் வேலையில் வைத்தார். "திருப்பத்தூர், திருப்பத்தூர்" என்று அவன் கூவுவது மதிய நேரத்தில் என் கடை வரைக்கும் கேட்கும். அழகி ஒரு நாள் தூக்குவாளியில் கறிக்குழம்பு கொண்டுவந்தாள். "நீங்க அன்னைக்குக் கூட்டிட்டுப் போகலேன்னா என்ன ஆயிருக்கும்ணே" என்றாள். குழம்பு நன்றாக இருந்தது. முழுவதும் சாப்பிட்டேன்.

அவனிடம் சொல்ல நான் முயலவில்லை என்று நினைக்காதீர்கள். ஒருமுறை பின் அறையில் உட்கார வைத்து, "பாண்டி, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அவன் அதற்குள் ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். ஒற்றைக் கண்ணால் ஆடிப் பார்க்கிறேன் என்றான். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஆழம் தெரியாமல் முதலில் தடுமாறினான். பிறகு பாறை பெரிதாகிற வேகத்தை வைத்தே தூரத்தைக் கணிக்கப் பழகிக்கொண்டான். தினமும் வந்தான். போன வாரம் அவன் எடுத்த நேரம் என் நேரத்துக்கு மிக அருகில் வந்துவிட்டது. அவன் அதைச் சொல்லிச் சிறுபிள்ளை மாதிரி தொடையைத் தட்டினான்.

மறுநாள் அவன் வருவதற்கு முன்னால் எமுலேட்டரைத் திறந்து வலது கண் படத்தின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்தேன். கொஞ்சம்தான். அவன் தோற்க வேண்டும் என்று மட்டுமே நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

அவன் மாட்டிக்கொண்டான். ஆட்டம் தொடங்கவே இல்லை. மெதுவாகக் கழற்றிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"தேனு, இந்தக் கண்ணும் இருட்டுதுடா. வெளிய நல்லாத்தான் தெரியுது, ஆனா அப்பவும் இதுலதான மொதல்ல தெரிஞ்சுச்சு. மதுரைக்குப் போவோம்டா. இப்பவே போவோம்."

வெளிச்சத்தை நான்தான் குறைத்தேன் என்று சொல்லலாம். ஏன் குறைத்தாய் என்று கேட்பான். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். காரை எடுத்தேன்.

அவன் முன் சீட்டில் வலது கண்ணைத் திறந்தபடி, இமைக்கவும் பயந்து, ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். பின்னால், நாச்சியாபுரத்தில் ஏறிய அழகி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி அழுதுகொண்டு வந்தாள்.

"அழாதம்மா. அந்தக் கண்ணுக்கு ஒண்ணும் ஆகல" என்றேன்.

"நீங்க சொன்னீகன்னா சரியாத்தான் இருக்கும்ணே" என்றாள்.

அவளிடமாவது நான் பொய் சொல்லவில்லை.